வாள் விலை பேசிய வெள்ளிக்கிழமை

உ
பழவங்காடிப் பிள்ளையார் துணை

வலியசாலை,
திருவனந்தபுரம்,
திங்கட்கிழமை.

வடசேரி அத்தான் தாணுலிங்கம் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் கோலப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், செண்பகவல்லி, மகள் திவ்யலட்சுமி மூவரும் சுகம். அங்கே அக்காவின் முழங்கால், தங்கள் சர்க்கரை, கிணற்று மோட்டார் மூன்றும் மக்கர் பண்ணாமல் இருக்கின்றன என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால், "செரி மாப்ளே, வைக்கட்டா" என்று பாதியில் வைத்துவிடுகிற பழக்கம் தங்களுக்கு உண்டு. இது பாதியில் வைக்கிற விஷயம் இல்லை. அதனால் நாகர்கோவிலுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு வருகிற வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சாவகாசமாக உட்கார்ந்து படிக்கவும்.

தாங்கள் பெரிய மனது பண்ணி, தங்கள் சிநேகிதரான ஆடிட்டர் ஆபீசில் திவ்யாவுக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருந்தீர்கள் அல்லவா? ஒன்றாம் தேதி வந்து சேருவாள் என்று நானும் வாக்குக் கொடுத்தேன் அல்லவா? அவள் வரமாட்டாள். யார் கெடுத்தது என்று தாங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன், நான்தான் கெடுத்தேன். கெடுத்ததில் எனக்கு இருக்கிற சந்தோஷம் இருக்கிறதே அத்தான், மூன்று நாளாகச் சாலைக் கடைத்தெருவில் நம்ம பலசரக்குக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் கூடுதலாகவே நிறுத்துப் போடுகிறேன்.

முதலில் அவள் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "டி.வி.ல இருக்கா" என்று மட்டும்தான் இதுவரை தங்களிடம் சொல்லியிருக்கிறேன். கோட்டை விஷன் என்று ஒரு கேபிள் சானல். கோட்டைக்குள், சாலை, கரமனை, இந்த வட்டாரத்தில் மட்டும் தெரியும். காலையில் கோயில் உற்சவம், மத்தியானம் மரண அறிவிப்பு, சாயங்காலம் நகைக்கடை விளம்பரம், எல்லாம் மலையாளத்தில். நம்ம தமிழ் சனங்களுக்காக வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு 'விரல் நுனியில்' என்று ஒரே ஒரு அரைமணி நேரம். அதை நடத்துகிறவள்தான் நம்ம பிள்ளை. புதுசாக வந்த போன் கொள்ளுமா, பழைய போன் ஏன் சூடாகுது, பிள்ளைகள் விளையாடுகிற வீடியோ கேமில் எது நல்லது எது ஆகாதது என்று பிட்டுப் பிட்டு வைப்பாள். கடைசியில் ஒரு கேம். அவளோடு வேலை பார்க்கிற ஆதர்ஷ் சொந்தமாக உண்டாக்கினது. பார்க்கிறவர்கள் போன் போட்டு, "இடது போ, வலது போ, குதி" என்று வாயால் சொல்ல வேண்டும். ஆதர்ஷ் உள்ளே இருந்து பட்டனை அமுக்குவான். திரையில் ஒரு வீரன் அதன்படி ஓடுவான். காடு தாண்டி, சந்தை தாண்டி, கோட்டை வாசலில் நிற்கிற பூதத்தை வெட்டிச் சாய்த்தால் ஜெயம். பரிசு, ஒரு ஸ்டீல் தண்ணி பாட்டில்.

இந்தத் தண்ணி பாட்டிலுக்காக எவன் போன் போடுவான்? ஒருத்தனும் போடவில்லை. சானல் முதலாளி வெங்கிடேஷ் பார்த்தார். ராசிக்கல் விற்கிற ஒரு ஜோசியர் அந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். "இந்த வெள்ளிக்கிழமையும் கால் வரலேன்னா, அடுத்த வெள்ளி முதல் ராசிக்கல்தான் கேட்டியா" என்று சொல்லிவிட்டார். பிள்ளை முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தாள். நான் சும்மா இருப்பேனா? இதுதான் சமயம் என்று ஒரு ஒப்பந்தம் போட்டேன். வெள்ளிக்கிழமை கால் வராவிட்டால் அவள் மறுபேச்சு பேசாமல் ஆடிட்டர் ஆபீசுக்கு வர வேண்டும். கால் வந்தால் நான் இந்த ஜென்மத்தில் ஆடிட்டர் என்ற வார்த்தையை எடுக்கக் கூடாது. அவளும் "செரிப்பா" என்று கை அடித்தாள். கால் வராது என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் தங்களுக்கு வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பழவங்காடி போனேன். ஊரெல்லாம் காரியம் நடக்கணும் என்று அங்கே தேங்காய் அடிப்பார்கள். நான், "பிள்ளையாரப்பா, இன்னைக்கு சாயங்காலம் ஒரு பயலும் போன் போடப்படாது" என்று வேண்டிக்கொண்டு ஓங்கி அடித்தேன். தேங்காய் சில்லுச் சில்லாகச் சிதறியது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, நான் ஏதோ நல்லதுக்குத்தான் வேண்டுகிறேன் என்று நினைத்து, "எல்லாம் நடக்கும், கேட்டோ" என்று வாழ்த்தினாள். பரம திருப்தியாகக் கடைக்கு வந்தேன்.

ஆறு மணிக்கு மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு மேலே இருக்கிற டி.வி.யைப் போட்டேன். எதிர்க்கடை தங்கபாண்டி, கயிறு வியாபாரி, தாங்கள் பார்த்திருக்கிறீர்கள், கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளை நீலச் சேலையில் ஜம்மென்று வந்தாள். போனைப் பற்றிப் பேசினாள், ஏதோ பாஸ்வேர்டைப் பற்றிப் பேசினாள். பிறகு மேசைமேல் இருந்த டெலிபோனைக் காட்டி, "நேயர்களே, லைன் ஃப்ரீயா இருக்கு, இப்போ நீங்க விளிக்கலாம்" என்றாள். யாரும் விளிக்கவில்லை. நான் தங்கபாண்டியைப் பார்த்துக் கண்ணடித்தேன். நம்பரைத் திரும்பவும் சொன்னாள். நான் காப்பிக்குச் சொல்லிவிட்டேன். வீரன் காட்டு ஓரத்தில் சும்மா நிற்கிறான், மூச்சு மட்டும் விடுகிறான். பிள்ளை ஒரு மடக்கு தண்ணி குடித்தாள். டெலிபோனை இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள். "லைன்ல ஏதோ கோளாறு போல இருக்கு" என்று அவளாகவே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அத்தான், அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. என் பிள்ளை ஊர் முழுக்கப் பார்க்க ஒரு டெலிபோன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இத்தனை சனம் இருக்கிற ஊரில் ஒருத்தன் கையிலும் போன் இல்லையா? நாசமாகப் போன ஊர்! ஆத்திரமும் வெப்ராளமும் தாங்காமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"வே தங்கபாண்டி, நீரு ஒரு போன் போடும்."

"எனக்கு கேமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது அண்ணாச்சி. அதுவும் போக, யாரும் போடப்படாதுன்னு காலம்பற தேங்கா அடிச்சது நீருதானே?"

"தேங்காயை விடும்வே, சவத்தை!" என்று கத்திவிட்டு என் போனை எடுத்து நானே போட்டேன்.

ஒரே மணிதான் அடித்தது. "ஹலோ, விரல் நுனியில்! யாரு பேசுறீங்க?" என்றாள். அந்தக் குரலில் இருந்த உசிரைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும். கோலப்பன் என்று சொல்ல முடியுமா? ஒப்பந்தம் என்னாவது? மானம் என்னாவது? தொண்டையைக் கட்டைக் குரலாக்கிக்கொண்டு, "களியக்காவிளையில இருந்து வன்னியபெருமாள்" என்றேன். எங்கிருந்து குதித்தான் இந்த வன்னியபெருமாள் என்று எனக்கே தெரியாது. கோட்டை விஷன் களியக்காவிளை வரைக்கும் எட்டாது என்பதும் சொன்ன பிறகுதான் ஓர்மை வந்தது. திரையில் பிள்ளை ஒரு நிமிஷம் வாயைத் திறந்தபடி இருந்தாள். அப்புறம் ரொம்ப மரியாதையாக, "சொல்லுங்க வன்னியபெருமாள் சார். முதல்ல உங்க டி.வி. சவுண்டைக் குறைங்க, இங்கே ரெண்டு ரெண்டா கேக்குது" என்றாள். ரிமோட் தங்கபாண்டி கையில். அந்த மனுசன் பதற்றத்தில் குறைக்கிறதுக்குப் பதில் கூட்டிவிட்டார். என் குரல் ஒரு தடவை என் வாயிலிருந்தும் ஒரு தடவை டி.வி.யிலிருந்தும் சாலை முழுக்கப் போயிற்று. அரிசிக்கடை, பாத்திரக்கடை எல்லாம் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

கேம் ஆரம்பம். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், நான் பேசுவது அங்கே உடனே போகும், அங்கே நடப்பது டி.வி.யில் கொஞ்சம் கழித்துத்தான் தெரியும். நான் "நில்லு" என்று சொல்லும்போது திரையில் நடந்துகொண்டிருப்பான், அங்கே அவன் கிணற்றில் விழுந்து முடிந்திருக்கும். இப்படி ஒரு தடவை கிணற்றில் விழுந்தான், ஒரு தடவை கரடியிடம் அகப்பட்டான். மிச்சம் ஒரே உயிர். அந்த ஒரு உயிரைப் பத்திரமாக நடத்திக்கொண்டு சந்தைக்கு வந்துவிட்டேன். நெற்றியெல்லாம் வியர்வை. அங்கே ஒரு கிழவன் கடை போட்டிருக்கிறான்.

"இங்கேதான் வாள் வாங்கணும் சார்" என்றாள் திவ்யா. "ஐந்நூறு தங்கக் காசு. உங்க வீரன்கிட்ட சரியா ஐந்நூறு இருக்கு. வாங்கிடலாமா?"

ஒருத்தன் விலை சொன்னால் அதை அப்படியே கொடுத்துவிட்டு வருகிற வழக்கம் நம்ம குடும்பத்தில் உண்டா அத்தான்? காலமெல்லாம் சாலையில் குப்பை கொட்டுகிறவன் நான். மகள் மறந்துபோனாள், வேஷம் மறந்துபோயிற்று, களியக்காவிளையும் மறந்துபோயிற்று.

"ஐந்நூறா? இந்த வாளுக்கா? முந்நூத்தம்பதுக்குப் போடச் சொல்லு."

"சார், இது கேம் சார்..."

"கேமா இருந்தா என்ன, கடைதானே? துரு இருக்கா பாரு. கைப்பிடி ஆடுதா பாரு. மூட்டையில குத்தூசி போட்டு சாம்பிள் பாக்காம பயறே வாங்க மாட்டோம், வாளை எப்பிடி வாங்குறது?"

உள்ளே இருந்து ஆதர்ஷ் குரல் கொடுத்தான். "சார், பிக்ஸட் ப்ரைஸ் ஆணு சார். குறையாது."

"நீ யாருடே, தரகனா? சாலையிலேயே பிக்ஸட் கிடையாது, அவன் சந்தையில இருக்கா?"

கடை வாசலில் இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. தங்கபாண்டி என் காதோரம், "அண்ணாச்சி, கிளம்புற மாதிரி காட்டும்" என்றார். நல்ல யோசனை. நான் சொன்னேன்: "செரி, வேண்டாம். வீரனை வெளியே நடக்கச் சொல்லு. பையப் போகணும். திரும்பிப் பாக்கப்படாது. நாலு கடை தாண்டுறதுக்குள்ள அவனே கூப்பிடுவான்."

வீரன் நடந்தான். சாலையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. நாலு கடை தாண்டினான்.

"கூப்பிட்டானா?"

"இல்ல சார்."

"இன்னும் கொஞ்சம் போகட்டும். மானம் உள்ளவன் உடனே கூப்பிட மாட்டான்."

சந்தை முடிந்துவிட்டது. வீரன் கோட்டை வாசலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டான். மடியில் ஐந்நூறு காசு பத்திரமாக இருக்கிறது. கையில் வாள் இல்லை. எதிரே பூதம். "இப்பவாவது கூப்பிட்டானா மக்களே?" என்றேன், வீட்டில் மகளைக் கூப்பிடுகிற மாதிரியே. பூதம் ஒரே ஒரு அடி அடித்தது. செத்தான். ஆனால் ஏமாறாமல் செத்தான் அத்தான், அதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

பிள்ளை மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டாள். அய்யோ, அழவைத்துவிட்டோமே என்று வத்தல் மூட்டைமேல் ஏறி டி.வி.யைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். நிமிர்ந்தாள். சிரிப்பு! கண்ணில் தண்ணி ஓடுகிற சிரிப்பு. அவள் கண்ணைத் துடைத்து முடிக்கவில்லை, டெலிபோன் அடித்தது. கரமனையிலிருந்து ஒருத்தர். "களியக்காவிளைக்காரருக்கு விலை பேசத் தெரியல. எடுத்த எடுப்பிலேயே முந்நூத்தம்பதா? இருநூறுல தொடங்கணும். என்னைப் போகச் சொல்லுங்க, நான் பேசுகேன்" என்றார். பேசினார். வெளிநடப்பும் செய்தார். செத்தார். உடனே ஆட்டக்குளங்கரையிலிருந்து ஒரு அம்மா: "வாளுக்கு உறை சும்மா தருவானான்னு கேளு மோளே." தரவில்லை, செத்தாள். "ரெண்டு வாளா எடுத்தா எம்புட்டு கொறைப்பான்?" என்று இன்னொருத்தர். அரைமணி நேரம் முடிந்தும் போன் நிற்கவில்லை. ஆதர்ஷ் வியர்க்க வியர்க்க "பிக்ஸட் ப்ரைஸ் ஆணு" என்று கெஞ்சுகிறான், ஒருத்தராவது கேட்க வேண்டுமே? அந்தப் பூதத்துக்கு அன்றைக்குக் கைவலி வந்திருக்கும். ஐந்நூறு காசு கொடுத்து அந்த வாளை வாங்கின ஒருத்தர்கூட இந்த ஊரில் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாசமாகப் போன ஊர் என்று சற்றுமுன் எழுதினேன், அதைத் தாங்கள் அடித்துவிடவும்.

கடைசியில் வெங்கிடேஷ் சாரே திரையில் வந்தார். நகைக்கடை விளம்பரத்தைத் தள்ளிப்போட்டார். "அடுத்த வெள்ளி முதல் இந்தப் பரிபாடி ஒரு மணி நேரம்" என்று நிகழ்ச்சியை நீட்டி அறிவித்தார். தங்கபாண்டி என்னைக் கட்டிப்பிடித்தார். நான் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பழவங்காடிக்கு ஓடி, இன்னொரு தேங்காய் அடித்து, "காலம்பற கேட்டதை மனசுல வச்சுக்கிடாதேயும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிள்ளையாருக்கு இந்த மாதிரி ஆட்கள் பழக்கம்தான்.

வீட்டுக்குப் போனால் செண்பகம் வாசலிலேயே நிற்கிறாள். "இஞ்ச பாருங்க, களியக்காவிளையில இருந்து விருந்தாளி வந்திருக்காரு. காப்பி குடிக்கியளா சார்?" என்றாள். நான் ஒன்றும் காதில் விழாத மாதிரி உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் திவ்யா வந்தாள். என் பக்கத்திலேயே தட்டைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த வன்னியபெருமாள் சார் மட்டும் கூப்பிடலேன்னா நான் அங்கேயே அழுதிருப்பேன்ப்பா. லைவ்ல."

"யாரோ நல்ல மனுசன்" என்றேன்.

"நல்ல மனுசன்தான். ஆனா ஒரு வீரனை அநியாயமா கொன்னுட்டார்." கொஞ்சம் சாப்பிட்டாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "ஆடிட்டர் ஆபீசுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றாள்.

"ஆடிட்டரா? எந்த ஆடிட்டர்?" என்றேன்.

அவள் தன் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள். இதற்கு மேல் எனக்கு எழுத வராது அத்தான். இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு வியாபாரத்திலும் தோற்றதில்லை. அவளை நாகர்கோவிலில் கணக்கெழுத உட்கார வைக்க இருந்தேனே என்று நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

ஆகவே தாங்கள் ஆடிட்டரிடம் பக்குவமாகச் சொல்லிவிடவும். அவர் கோபம் தணிய ஒரு மூட்டை வத்தல் அனுப்பலாம் என்றிருந்தேன். வத்தல் தின்றால் கோபம் கூடும் என்று செண்பகம் சொன்னதால் பாசிப்பயறு அனுப்பியிருக்கிறேன். அக்காவுக்கு என் நமஸ்காரம். வண்டியில் ஏற முழங்கால் சம்மதித்தால் இருவரும் வருகிற வெள்ளிக்கிழமை இங்கே வந்து நிகழ்ச்சியை நேரில் பார்க்க வேண்டும். தங்கள் ஆசீர்வாதத்தில் திவ்யா இன்னும் பெரிய சானலுக்குப் போக வேண்டும், அந்த ஜோசியர் எங்கேயாவது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு, தங்கள் அன்பு மைத்துனன்,
கோலப்பன்

பி.கு.: வண்டி கிளம்ப புதன்கிழமை ஆகிவிட்டது. அதற்குள் நிலைமை மாறிவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் படித்துச் சந்தோஷப்பட்டிருந்தால் தயவுசெய்து நிறுத்தவும். வன்னியபெருமாள் யார் என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று. நெடுமங்காடு, காட்டாக்கடைப் பக்கத்திலிருந்து சரக்கெடுக்க வருகிற சில்லறைக் கடைக்காரர்களுக்கும் சங்கதி எட்டிவிட்டது. துவரம்பருப்பில் கையைவிட்டு, "கைப்பிடி ஆடுதே அண்ணாச்சி" என்கிறார்கள். விலை சொன்னால் பேசாமல் எழுந்து வெளியே நடக்கிறார்கள். பைய நடக்கிறார்கள். திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன், முடியவில்லை, ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுவிட்டேன். இப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான். தாங்கள் மலையாளம் நன்றாக எழுதுவீர்கள். நேயர் ஒருவர் எழுதுகிற மாதிரி வெங்கிடேஷ் சாருக்குக் காரசாரமாக ஒரு கடிதம் போட்டு, அந்தச் சந்தைக் காட்சியை உடனே நிறுத்தச் சொல்லவும். என் பெயர் வரக் கூடாது.

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போட்டுவிடாதீர்கள். ஆதர்ஷ் கேமை மாற்றியிருக்கிறானாம். கிழவன் இனிமேல் விலை இறங்குவானாம், வாயும் பேசுவானாம். திவ்யா போனில் படம் காட்டினாள். வழுக்கைத் தலை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, "கட்டுப்படியாகாது அண்ணாச்சி, நஷ்டத்துக்குத் தர முடியுமா?" என்கிறான். அச்சு அசல் நான்தான் என்று செண்பகம் சொல்லுகிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இருந்தாலும் அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் எனக்கு வேண்டும் அத்தான். அந்தக் கிழவன் எதுவரைக்கும் இறங்குவான் என்று என்னைத் தவிர இந்த ஊரில் யாருக்குத் தெரியும்?